கையெழுத்து போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?

போன வாரம் அக்கா பையன் ஊர்ல இருந்து வந்திருந்தான். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் போனை நீட்டி, "மாமா, இதைப் பாருங்க"ன்னான். ரோட்டுல போற ஒரு பெரியவரை நாலு பசங்க சேர்ந்து ஓட்டுற வீடியோ. கடைசியில "அதோ பாருங்க கேமரா"ன்னு கையைக் காட்டுறாங்க. பெரியவர் ஒரு நொடி திகைச்சு நின்னுட்டு அப்புறம் சிரிக்கிறார். பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரலை. "பாவம்டா அந்த மனுஷன்"னேன்.

"இதுல என்ன மாமா பாவம்? அவர் ஒத்துக்கிட்டதாலதானே போட்டிருக்காங்க. வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? கையெழுத்து போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?"

சட்டுனு பதில் சொல்ல வரலை. சின்னப் பையன்கிட்ட தோத்துட்டோமேங்கற கடுப்புல நாலு நாள் உக்காந்து யோசிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்து வச்சுக்கிட்டு படிங்க மக்களே :-)

*

முதல்ல சரித்திரம். இந்த விளையாட்டுக்கு ஒரு பிள்ளையார் சுழி உண்டு. அவர் பேர் ஆலன் ஃபண்ட். இரண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துல ரேடியோ நிகழ்ச்சி பண்ணிட்டிருந்தார். சிப்பாய்களோட குறைகளை அவங்க வாயாலயே சொல்ல வச்சு பதிவு பண்ற வேலை. வெளியில வாய் ஓயாம புலம்புற சிப்பாய், பதிவு ஓடுதுன்னு காட்டுற சிவப்பு விளக்கு எரிஞ்சதும் வாயடைச்சுப் போயிடுவான். ஃபண்ட் பார்த்தார். விளக்கு எரியாமலே பதிவு பண்ண ஆரம்பிச்சார். பேச்சு தன்னால கொட்டிச்சு.

அவ்வளவுதாங்க கண்டுபிடிப்பு. பதிவாகுதுன்னு தெரியாதவரைக்கும்தான் மனுஷன் மனுஷனா இருக்கான்.

போர் முடிஞ்சு வந்து 1947ல 'கேண்டிட் மைக்ரோஃபோன்'னு ரேடியோவுல ஆரம்பிச்சார். 1948ல அது டிவிக்கு வந்து, அடுத்த வருஷம் 'கேண்டிட் கேமரா' ஆச்சு. 1960ல இருந்து ஏழு வருஷம் சிபிஎஸ்ல ஓடினப்ப, நாட்டுலயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகள்ல ஒண்ணு. லிஃப்டுக்குள்ள எல்லாரும் பின்சுவரைப் பார்த்து நிக்க, நடுவுல மாட்டின அப்பாவியும் மெதுமெதுவா திரும்பி நிக்கிற அந்தக் காட்சி 1962ல வந்தது. மனோதத்துவ வகுப்புகள்ல இன்னமும் போட்டுக் காட்டுறாங்க.

எல்லாரும் சிரிச்சாங்கன்னு நினைக்காதீங்க. 1950லயே நியூயார்க்கர் பத்திரிகையில ஒரு விமர்சகர் இதைக் குரூரம்னும் மனுஷனுக்கே விரோதமானதுன்னும் கிழிச்சுத் தொங்கப் போட்டார். ஆக நம்ம சண்டைக்கு வயசு எழுபதுக்கு மேல ஆச்சு.

ஆனா ஃபண்ட்கிட்ட ஒரு ஒழுங்கு இருந்தது. முதல்ல ஏமாத்து. அப்புறம் கேமராவைக் காட்டு. அதுக்கப்புறம்தான் காகிதத்தை நீட்டு. கையெழுத்து போடலைன்னா அந்தக் காட்சி வெளியே வராது. அதாவது, தான் எப்படி அசடு வழிஞ்சோம்னு முழுசாத் தெரிஞ்ச பிறகுதான் அந்த ஆள் 'சரி'ன்னு சொல்றான். இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு கிளைக்கதை. 1969 பிப்ரவரியில ஃபண்ட் மனைவி, குழந்தைகளோட மயாமிக்கு விமானத்துல போறார். நடுவானத்துல விமானத்தைக் கடத்தி கியூபாவுக்குத் திருப்புறாங்க. கூட வந்த பயணிகள் ஃபண்ட் முகத்தைப் பார்த்துட்டாங்க. "ஓஹோ, இது அந்த நிகழ்ச்சி"ன்னு நினைச்சு சிரிக்கவும் கை தட்டவும் ஆரம்பிச்சாங்களாம். நிஜமாவே கடத்தல்தான்யான்னு அவர் எவ்வளவோ சொல்லியும் நம்பலை. ஹவானாவுல இறங்கினப்பதான் சிரிப்பு நின்னது. 'புலி வருது' கதைதான். என்ன, இங்கே கூவினவனும் சேர்ந்து மாட்டிக்கிட்டான்.

*

அதே காலத்துல இன்னொரு இடத்துலயும் ஏமாத்துவேலை நடந்துட்டிருந்தது. யேல் பல்கலைக்கழகம், 1961. ஸ்டான்லி மில்கிராம். 'ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு ஆள் தேவை, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், போக்குவரத்துக்கு 50 சென்ட்'னு பேப்பர்ல விளம்பரம். வந்தவங்களை உக்கார வச்சு, அடுத்த அறையில இருக்கிறவன் தப்பா பதில் சொன்னா மின்சார ஷாக் கொடுக்கச் சொன்னாங்க. ஷாக் பொய், அலறல் நடிப்பு. 40 பேர்ல 26 பேர் கடைசி 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. இந்தக் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

தெரியாதது இதுவா இருக்கலாம்: பின்னாளில் மில்கிராம் கேண்டிட் கேமராவைப் பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதினார். ரெண்டும் ஒரே குடும்பம்னு அவருக்கே தெரிஞ்சிருந்தது.

குடும்பம் ஒண்ணா இருந்தாலும் தலைவிதி வேற. 1964லயே டயானா பாம்ரிண்ட்ங்கற உளவியலாளர், "வந்தவங்க மனசுக்கு யார் பொறுப்பு"ன்னு மில்கிராமைப் பார்த்துக் கேட்டாங்க. சண்டை வளர்ந்தது. மருத்துவ ஆராய்ச்சிகள்ல நடந்த இன்னும் பெரிய அநியாயங்களும் வெளியே வர, 1974ல அமெரிக்காவுல சட்டமே வந்தது. மனுஷங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணணும்னா ஒரு குழு பார்த்து அனுமதிக்கணும், ஆபத்தைச் சொல்லணும், ஏமாத்தினா பின்னாடி உண்மையைச் சொல்லணும்னு விதிகள் வளர்ந்தது. காமெடிக்கு அப்படி எதுவும் வரலை. ஒரே ஏமாத்து. விஞ்ஞானி செஞ்சா குழு கேள்வி கேட்கும். காமெடியன் செஞ்சா ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, கதை முடிஞ்சது.

*

இப்ப 'போரட்'. சாஷா பேரன் கோஹன் கஜகஸ்தான் நிருபர் வேஷம் கட்டிக்கிட்டு அமெரிக்கா முழுக்க சுத்தின படம். 2006 நவம்பர்ல வந்தது. சுமார் 1.8 கோடி டாலர்ல எடுத்து, உலகம் முழுக்க 26 கோடிக்கு மேல அள்ளிச்சு. முதல் தடவை பார்த்தப்ப நானும் வயிறு வலிக்க சிரிச்சேன், மறைக்கலை. ரெண்டாவது தடவை பார்க்கிறப்பதான், சுத்தி இருக்கிற முகங்களைக் கவனிச்சேன்.

இதுல வரிசை தலைகீழ். காகிதம் முதல்ல, கேமரா அப்புறம், உண்மை... தியேட்டர்ல. அமெரிக்க வாழ்க்கையைப் பத்தின டாக்குமெண்டரின்னு சொல்லி, படப்பிடிப்புக்குக் கொஞ்சம் முன்னாடி ஒப்பந்தத்தை நீட்டினாங்க. அந்த ஒப்பந்தத்துக்குள்ள ஒரு வரி இருக்கு பாருங்க, வக்கீல் மூளைக்கு சபாஷ் போடணும். படத்தோட தன்மை பத்தியோ, இதுல யார் யார் இருக்காங்கங்கறது பத்தியோ யார் என்ன சொல்லியிருந்தாலும் அதை நம்பி நான் கையெழுத்து போடலை - அப்படிங்கறதுதான் அதோட சாராம்சம். பொய்யைச் சொல்லிட்டு, 'நீ சொன்ன எதையும் நான் நம்பலை'ன்னு அவன்கிட்டயே எழுதி வாங்கிக்கறது!

அப்புறம் என்ன, வழக்கு மேல வழக்கு. நாலு பேர் கதையை மட்டும் சொல்றேன்.

முதலாவது, தெற்கு கரோலினா காலேஜ் பசங்க. படத்துல வேன்ல குடிச்சுக்கிட்டே, அடிமை முறை திரும்ப வந்தா நல்லா இருக்கும்ங்கற மாதிரியும் பொம்பளைங்களைக் கேவலமாவும் பேசுவாங்க. அவங்கள்ல ரெண்டு பேர் வழக்குப் போட்டாங்க. "பாருக்குக் கூட்டிட்டுப் போய் ஊத்திக் கொடுத்து கையெழுத்து வாங்கினாங்க, அமெரிக்காவுல காட்ட மாட்டோம்னாங்க"ங்கறது அவங்க வாதம். நிக்கலை.

ரெண்டாவது, டிரைவிங் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். 500 டாலர் ரொக்கம் வாங்கினார். மனுஷன் படத்துல தங்கம். போரட் என்ன கூத்தடிச்சாலும் பொறுமையாப் பேசுவார். பெண்ணோட சம்மதம்னா என்னன்னு போரட்டுக்கு எடுத்துச் சொல்றதே இவர்தான். சம்மதத்தைப் பத்தி படத்துலயே ஒழுங்காப் பேசின ஆளு, கடைசியில தன்னோட சம்மதத்துக்காக கோர்ட் ஏறவேண்டி வந்தது. 2008ல நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிச்சு. ஒப்பந்தத்துல 'டாக்குமெண்டரி பாணியிலான படம்'னுதான் போட்டிருக்கு, இந்தப் படமும் அந்தப் பாணிதானேன்னுட்டாங்க. மேல்முறையீட்டுலயும் அதே தீர்ப்பு.

மூணாவது, நியூயார்க் தெருவுல போரட் கையை நீட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்து தலைதெறிக்க ஓடின ஆளு. இவர் கையெழுத்தே போடலைங்க! ஒப்பந்தம் கிடையாது, காசு கிடையாது. அவரும் 2008ல தோத்தார். சமூகத்தைப் பத்தி ஏதோ சொல்ல வர்ற படம், பொதுநலன் சார்ந்த விஷயம், அதனால அனுமதி தேவையில்லைன்னு தீர்ப்பு.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கையெழுத்து போட்டவன், போட்டதால தோத்தான். போடாதவன், போடாமலே தோத்தான். அக்கா பையன் சொல்ற 'வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல'ங்கறது இந்த இடத்துல காத்துல போகுது. ஓடறதைவிடப் பெருசா ஒருத்தன் எப்படி 'வேணாம்'னு சொல்றது?

நாலாவதுதான் என்னைத் தூங்கவிடலை. ருமேனியாவுல க்ளோட்னு ஒரு கிராமம். ரோமா இன ஏழை ஜனங்க. க்ளோட்னா அவங்க பாஷையில சேறுன்னு அர்த்தம். போரட்டோட 'கஜகஸ்தான்' ஊருன்னு படத்துல வர்றது இதுதான். அங்கே இருக்கிற சாதாரண மனுஷனைக் காட்டி ஊர்ல பலாத்காரம் பண்றவன்னு அறிமுகம், இன்னொருத்தரைக் காட்டி வேற ஏதோ. ஒரு கையை இழந்த மனுஷனோட கையில ஒரு அசிங்கமான பொம்மையை மாட்டி விட்டிருந்தாங்க. அது என்னன்னே தெரியாதுன்னு பின்னாடி சொன்னார். எங்க வறுமையைப் பத்தி படம் எடுக்கறாங்கன்னுதான் நினைச்சோம், கைக்கு வந்தது சில டாலர்தான்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. முறையான கூலியைவிட அதிகமாவே கொடுத்தோம், ஊருக்கும் உதவி பண்ணினோம்னு படக் கம்பெனி சொல்லிச்சு. 3 கோடி டாலர் கேட்டு நியூயார்க்ல வழக்கு. நீதிமன்றம், குற்றச்சாட்டு தெளிவா இல்லைன்னு சொல்லிடிச்சு. அவ்வளவுதான்.

இவங்களுக்கு நடுவுல மிசிசிப்பியில ஒரு உள்ளூர் டிவி தயாரிப்பாளரம்மா. போரட்டை நிஜ நிருபர்னு நம்பி காலை நேரலையில உக்கார வச்சாங்க. கலாட்டா. அதோட தன் வேலையே போச்சுன்னு பின்னாடி பத்திரிகையில வேதனைப்பட்டாங்க. அவங்க செஞ்ச தப்பு, ஒரு வெளிநாட்டுக்காரனை நம்பினது.

இதுல கடைசியா சிரிச்சது கஜகஸ்தான் அரசாங்கம்தான். 2005, 2006ல குதிச்சவங்க, 2020ல போரட்டோட பிரபலமான வசனத்தையே சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒரு நாட்டால அப்படி முடியும். ஒரு கிராமத்தால முடியுமா?

*

இப்ப என் கணக்கு. தப்புன்னா பின்னூட்டத்துல வந்து மொத்துங்க.

அக்கா பையன் நினைக்கிறது, பொறுப்புங்கறது ஒரே ஒரு லட்டுன்னு. ஒருத்தன் எடுத்துக்கிட்டா இன்னொருத்தனுக்கு இல்லை. கையெழுத்து போட்டவன் பொறுப்புன்னா எடுத்தவன் தப்பிச்சான். எடுத்தவன் பொறுப்புன்னா நடிச்சவன் தப்பிச்சான். அப்படி இல்லைடா தம்பி. அவனவன் இலையில விழுந்ததுக்கு அவனவன் கணக்கு.

அந்தக் காலேஜ் பசங்க சொன்ன வார்த்தை அவங்களோடதுதான். சாராயம் நாக்கைத் தளர்த்தும். புதுசா ஒரு கருத்தைக் கொண்டுவந்து மூளைக்குள்ள வைக்காது. அதுக்காக, குடிச்சவன்கிட்ட கையெழுத்து வாங்கினது நியாயமும் ஆகிடாது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை.

அரசியல்வாதிங்க கணக்கு இன்னும் கறார். 2018ல கோஹன் டிவியில இன்னொரு தொடர் பண்ணினார். அதுல ஜார்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ஜேசன் ஸ்பென்சர், தீவிரவாதிகிட்ட இருந்து தப்பிக்கப் பயிற்சின்னு சொன்னதை நம்பி இனவெறிச் சொல்லைக் கத்தி, பேண்டையும் கழட்டினார். பதவி போச்சு. அலபாமாவோட முன்னாள் தலைமை நீதிபதி ராய் மூர் 9.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2021ல தள்ளுபடி, 2022ல மேல்முறையீடும் தள்ளுபடி. தலைமை நீதிபதியா இருந்தவர் 'கையெழுத்து போட்டேன், ஆனா ஏமாந்துட்டேன்'னா சிரிப்புதான் வருது. ஒப்பந்தம் படிக்கத் தெரியும், பக்கத்துல ஆள் இருக்கு, அதிகாரம் இருக்கு. இவங்களுக்காக நான் கண்ணீர் விடறதா இல்லை.

க்ளோட் ஜனங்களுக்கு என்ன இருந்தது? அவங்க எதுவும் சொல்லவும் இல்லை, செய்யவும் இல்லை. சும்மா நின்னாங்க. அவங்க முகத்து மேல இன்னொருத்தன் எழுதி ஒட்டினான். ஒருத்தன் வாயில இருந்து வந்ததைக் காட்டுறது வேற. வராததை அவன் மேல ஒட்டுறது வேற. இதுக்கு எத்தனை கையெழுத்து வாங்கினாலும் பத்தாதுன்னுதான் எனக்குத் தோணுது.

கோஹனுக்கே இது கொஞ்சம் உறைச்சிருக்கும்போல. 2020ல வந்த ரெண்டாவது போரட் படத்துல, நாஜி முகாம்ல இருந்து உயிர் தப்பின ஒரு வயசான அம்மா வர்றாங்க. காட்சி முடிஞ்சதும் இது வேஷம்னு அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டாங்க. படம் வர்றதுக்கு முன்னாடியே அவங்க இறந்துட்டாங்க, படத்தை அவங்களுக்கே காணிக்கையாக்கினாங்க. அப்பவும் குடும்பத்துல இருந்து ஒரு வழக்கு வந்தது, நிக்கலை. ஆனா பாருங்க, தேவைப்பட்டா ஃபண்டோட பழைய வரிசைக்குத் திரும்ப முடியும். மனசுதான் வேணும்.

நம்ம ஊருக்கும் இது வந்தாச்சு. 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, டிக்டாக் பத்தின உத்தரவுல பிராங்க் வீடியோவையும் தொட்டுச்சு. ஒருத்தரை அதிர்ச்சி அடைய வச்சு கேலிப்பொருளாக்குறது அவரோட அந்தரங்கத்துல கை வைக்கிறதுன்னு சொல்லிச்சு. 2021 ஜனவரியில சென்னை கடற்கரையில எடுத்த ஒரு யூட்யூப் பேட்டி விவகாரம் ஞாபகம் இருக்கும். சொல்லிக் கொடுத்ததைத்தான் பேசினேன், கமெண்ட் பகுதியை மூடி வைப்போம்னாங்க, நம்பினேன்னு அந்தப் பொண்ணு போலீசுக்குப் போனாங்க. மூணு பேர் கைதானாங்க. அந்தப் பொண்ணு பேச ஒத்துக்கிட்டது உண்மை. லட்சக்கணக்கான பேர்கிட்ட வசவு வாங்கவும் சேர்த்தா ஒத்துக்கிட்டாங்க?

*

சரி, கொசுவத்தி. இவ்வளவு நியாயம் பேசற நான் யோக்கியனான்னு கேட்பீங்கல்ல? அதான் நாலு நாள் தூக்கம் போச்சு.

எண்பதுகளோட கடைசி. எங்க ஹாஸ்டல்ல ஒரு வாட்ச்மேன் தாத்தா. பழைய ராணுவம். ராத்திரி லேட்டா வந்தா, "என்ன தம்பி, செகண்ட் ஷோவா?"ன்னு கேட்டுட்டே கேட்டைத் திறப்பார். உக்காத்தி வச்சு யுத்தக் கதை சொல்வார். ஒரு தடவை மூணு டாங்கியை அடிச்சேம்பார், அடுத்த தடவை அது அஞ்சு ஆகியிருக்கும். கூடவே வார்டன் மாதிரி பேசிக் காட்டுவார், அச்சு அசல்.

ஹாஸ்டல் டேக்கு ஐடியா என்னோடதுதான். டேப் ரெக்கார்டரைத் துண்டுக்குள்ள சுத்தி அவர் ஸ்டூலுக்குக் கீழே வச்சுட்டு, நாலு பேர் சுத்தி உக்காந்து ஒவ்வொண்ணா கிண்டினோம். கேசட்டோட ரெண்டு பக்கமும் நிரம்பிச்சு. நாங்க நல்லவங்க இல்லையா, அதனால அனுமதியும் கேட்டோம். "தாத்தா, நீங்க சொல்ற கதையை ஹாஸ்டல் டேல சொல்லலாமா?" "ஓ, தாராளமா சொல்லுங்க தம்பி." கேசட் இருக்கறதை மட்டும் சொல்லலை.

மேடையில ஸ்பீக்கர்ல போட்டோம். மூணு டாங்கியும் அஞ்சு டாங்கியும் அடுத்தடுத்து வர்ற மாதிரி வெட்டி ஒட்டியிருந்தோம். கடைசியில வார்டன் குரல். முன்வரிசையில வார்டன். கூரை பிய்ச்சுக்கிட்டு போற மாதிரி சிரிப்பு. வார்டனே சிரிச்சுட்டார். கதவோரம் நின்ன தாத்தாவைத் திரும்பிப் பார்த்தோம். அவரும் சிரிச்சார். 'பாரு, அவரே சிரிக்கிறார்'னு நாங்க கையைக் குலுக்கிக்கிட்டோம்.

யாரும் அவரைத் திட்டலை. வேலையும் போகலை. பொய்க்கணக்கு சொன்னது அவர்தான், வார்டனைக் கிண்டல் பண்ணினதும் அவர்தான். அதெல்லாம் அவர் பொறுப்புதான். 'தாராளமா'ன்னு சொன்னதும் அவரேதான்.

அடுத்த வாரம் செகண்ட் ஷோ முடிஞ்சு வந்தேன். கேட்டைத் திறந்தார். "வாங்க சார்"னார்.

அதுக்கப்புறம் நான் அங்கே இருந்த ஒண்ணரை வருஷமும் சார்தான். கதையும் இல்லை.

அக்கா பையனுக்கு இதைப் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க அவர்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா மாமா?"ன்னான்.

கேட்கலை.

டிஸ்கி: 'நான் ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை ஒரு தடவையாவது படிச்சுட்டு அமுக்கினவங்க மட்டும் டிரைவிங் வாத்தியாரைப் பார்த்து சிரிக்கவும். நான் அந்த லிஸ்ட்டுல இல்லை :-)